கிள்ளான் விலை

எங்கள் அம்மா எங்கும் சும்மா போகமாட்டார். கோயிலுக்கு என்றால் வேண்டுதல் இருக்கவேண்டும், பாசாருக்கு என்றால் வீட்டில் காய் தீர்ந்திருக்கவேண்டும். காரில் ஒரு சுற்று போய் வரலாம் என்று அப்பா அழைத்தால், "சும்மாவா? பெட்ரோல் தண்டம்" என்பார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

அம்மா பிறந்து வளர்ந்தது கிள்ளானில், ஒரு கடைவீட்டு மாடியில். தாத்தா இறந்த பிறகு மாமா அந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு சிங்கப்பூர் போய்விட்டார். அதற்குமேல் அம்மாவுக்குக் கிள்ளானில் எந்தக் காரியமும் மிச்சமில்லை.

பிறகு அம்மாவுக்கு ரத்த அழுத்தம் வந்தது. கிளினிக்கில் எழுதிக் கொடுத்த சீட்டோடு அப்பா பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டருகே இருந்த பார்மசியில் விலை கேட்டார். கிள்ளானிலும் கேட்டார். அங்கே கொஞ்சம் மலிவு. அதிலிருந்து மாதத்தில் ஒரு சனிக்கிழமை மூவரும் கிள்ளானுக்குப் போனோம். மருந்தை வாங்கியதும் அம்மா எதிர்வரிசையில் போய் நின்று, டயர் கடையாகிவிட்ட அந்தப் பழைய கடைவீட்டின் மாடி ஜன்னலைப் பார்ப்பார். அப்பா மருந்துப் பெட்டியில் உள்ள எழுத்தையெல்லாம் நிதானமாகப் படிப்பார். மிச்சமாகும் காசைவிட பெட்ரோல் அதிகம் என்பது ஒன்பது வயதில் எனக்கே தெரிந்தது. இவர்களுக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, கிளம்பும்போதே எனக்கு இருமல். மருந்துக்காக பிரிக்பீல்ட்ஸ் பார்மசியில் நிறுத்தினோம்.

"என்னண்ணே, பிரஷர் மருந்துக்கு இந்தப் பக்கமே வரதில்ல?" என்றார் பார்மசி அக்கா.

அப்பா தயங்கிக்கொண்டே கிள்ளான் விலையைச் சொன்னார். அக்கா சிரித்தபடி ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.

"அவ்ளோதானா? அதே விலைக்கு நானே தரேன்லா. எதுக்கு அவ்ளோ தூரம் போறீங்க?"

எனக்குக் கொண்டாட்டம், வீட்டுக்குத் திரும்பி கார்ட்டூன் பார்க்கலாம். ஆனால் அம்மாவும் அப்பாவும் சிரிக்கவில்லை. அம்மா, கிள்ளானுக்கென்றே உடுத்தும் நீலச் சேலையில், கைப்பையின் வாரைப் பிடித்தபடி நின்றார். அப்பா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வேற கம்பெனியா?"

"அதே கம்பெனிதான் அண்ணே, பாருங்க."

அப்பா பெட்டியை என்னிடம் நீட்டி, காலாவதித் தேதியைப் படிக்கச் சொன்னார். உரக்கப் படித்தேன். இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

"ரெண்டு வருஷந்தானா?" என்றார் அப்பா.

அது ஒரு மாத மருந்து. அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டார். அம்மா மெதுவாகச் சொன்னார்: "கிள்ளான்ல தேதி இன்னும் தள்ளியிருக்கும். கேட்டுப் பாத்துடுவோம்."

பெடரல் ஹைவேயில் சுபாங் ஜெயா தாண்டும்வரை ஜாம். அம்மா அன்று பெட்ரோலைப் பற்றிப் பேசவில்லை. கிள்ளானில் வாங்கிய பெட்டியை, தேதி படிக்கச் சொல்லி யாரும் என்னிடம் நீட்டவுமில்லை.

அம்மா இப்போது இல்லை. அப்பாவின் மருந்துக்கு நான் கைப்பேசியிலேயே கடைக்குக் கடை விலை பார்த்துவிடுகிறேன். மருந்து வாசலுக்கே வருகிறது, எங்கும் போகவேண்டியதில்லை.

அந்தச் சனிக்கிழமை டயர் கடைக்கு எதிரே நின்றபோது, "அங்க என்னம்மா பாக்குற?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

தனக்காக அந்தச் சொல்லை அம்மா சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். எனக்குப் பசித்தது. ரொட்டி சானாய் சாப்பிட எப்போது போவோம் என்று அவர் சேலையைப் பிடித்து இழுத்தேன்.