ரோட்டில் ஓடிய செயின்

ராஜபாளையத்தில் என் மோட்டார் சைக்கிளுக்குச் செயின் மாற்றிக்கொண்டிருந்தபோது துறைத்தலைவர் அழைத்தார். ஜெபராஜ் போய்விட்டாராம். பாலிடெக்னிக்கில் என்னோடு இயந்திரவியல் பாடம் எடுத்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டுத் தெரு முழுக்கப் பழைய மாணவர்களின் வண்டிகள். நான் போனால் இதில் பாதியாவது வருமா என்றுதான் முதலில் தோன்றியது. அவரை அறிந்தவர்கள் என்னை மன்னிக்கட்டும். அவர் மேல் எனக்குப் பொறாமை.

வண்டி வேகமெடுக்கும்போது, செயினைச் சுற்ற வைக்க மட்டும் எவ்வளவு திறன் செலவாகிறது? ஒருமுறை அவர் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். வாசலைக் கடந்த நான் கரும்பலகையைப் பார்த்து நின்றேன். செயினின் வேகத்துக்குப் பதில் ஸ்பீடாமீட்டர் வேகத்தைப் போட்டிருந்தார். விடை பல மடங்கு எகிறியிருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல் இருந்தது எனக்கு.

“சார், அது டயரோட வேகம். செயின் மாட்டுற ஸ்பிராக்கெட் சக்கரம் அதைவிடச் சின்னதுல்லா? செயின் அம்புட்டு வேகமாவா ஓடுது?” என்றேன்.

அவர் பலகையைப் பார்த்துவிட்டு மாணவர்கள் பக்கம் திரும்பினார். “ஏலே, நான் செயினைக் கழட்டி ரோட்டுல ஓட விட்டுட்டேன்லே!” என்று சத்தமாகச் சிரித்தார். வகுப்பே கைதட்டியது. கைதட்டல் அவருக்கு.

அதன்பின் ஒவ்வொரு வருடமும் வேண்டுமென்றே அதே தப்பைப் போட்டார். கண்டுபிடித்தவர் நான்தான் என்று என் பெயரையும் சொல்லித்தான் முடிப்பார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. தெரிந்தே ஏன் இப்படி என்று டீக்கடையில் கேட்டேன்.

“நீங்க நேரா விடைக்குப் போயிருதீங்க சார். செத்த நேரம் தப்புக்குள்ள உக்காரணும். பொறவு வார விடை மறக்காது.”

அடக்கத்தன்று, சுந்தரபாண்டியத்தில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் பழைய மாணவன் ஒருவன் அழுதுகொண்டே அந்தக் கணக்கை முழுதாகச் சொன்னான். “தப்பைத் திருத்துனது யாருன்னு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தான். “யாரோ ஒரு சாரு. பேரு சொல்லுவாவ, மறந்துபோச்சு.”

அவருடைய வகுப்பை இப்போது நான் எடுக்கிறேன். முதல் நாள் கணக்கைச் சரியாகப் போட்டேன், பேசாமல் எழுதிக்கொண்டார்கள். அழித்துவிட்டு, ஸ்பீடாமீட்டர் வேகத்தைப் போட்டேன். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

“சார், அது செயின் வேகம் இல்லையே?”

“ஏலே, செயினைக் கழட்டி ரோட்டுல ஓட விட்டுட்டேன்லே!” என்றேன். வகுப்பு சிரித்தது. இத்தனை வருடத்தில் என் வகுப்பில் முதல் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

உட்காரும்போது அவள் சொன்னாள்: “அப்படியே ஜெபராஜ் சார் மாதிரியே சொல்லுதீங்க சார்.”

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தப்பு ஒன்றுதான். அதுவும் அவர் பெயரில்தான் இருக்கிறது.