குக்கர் மேடம் வழிவிட்ட கதை

படைத்தவனுக்கே தன் கணக்கில் சந்தேகம் வந்தால் எங்கள் சித்திக்குத்தான் போன் போடுவான். சித்தி எடுக்கமாட்டாள். போனை எங்கே வைத்தோம் என்று வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருப்பாள். பிறந்தவர்கள், இனிமேல் பிறக்கப் போகிறவர்கள் அத்தனை பேர் ரத்தத்திலும் எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். கண்ணெதிரே கிடக்கும் மூக்குக்கண்ணாடியை மட்டும் நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் ஒளித்து வைத்ததும் நானாகத்தான் இருப்பேன்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கம், எக்ஸ்ரே அறைக்கும் துணி வெளுக்கும் அறைக்கும் நடுவில் அவளுடைய அறை. அங்கே ஏசி உண்டு, ஆனால் அது கம்ப்யூட்டருக்கு. சித்தி அதன் தயவில் குளிர் காய்கிறாள், அதாவது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்குகிறாள்.

வேலை என்னவென்றால், நோயாளியின் ரத்தத்தில் உள்ள மரபணுவை ஒரு மெஷின் நான்கே எழுத்துகளில் படித்துக் கொடுக்கும். நான்கே எழுத்துதான், ஆனால் கோடிக்கணக்கில் வரிசையாக நிற்கும். அதில் எத்தனையாவது இடத்தில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதைப் பத்தாவதைத் தாண்டாத எனக்கே புரியவைத்தவள் சித்தி. பள்ளிக்கூடம் என்னிடம் தோற்றுப்போய் என்னை பைக் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிவிட்ட பிறகும் அவள் விடவில்லை.

தனிமரம் தோப்பாகாது என்பார்களே, அந்தப் பழமொழிக்கு ஆபீஸ் திறந்தது போல ஐந்து ஊர் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஒரு கூட்டு வைத்திருக்கின்றன. அபூர்வமான நோய் ஓர் ஊரில் ஒரு பிள்ளைக்குத்தான் வரும். டாக்டர் தலையைச் சொறிவார். பக்கத்து ஊரிலும் ஒரு டாக்டர் தனியாகச் சொறிந்துகொண்டிருப்பார். பெயர், முகவரி எதுவும் இல்லாமல், மாறிய எழுத்தையும் இடத்தையும் நோயையும் மட்டும் எல்லோரும் பகிர்ந்துகொண்டால் ஜோடி கிடைக்கும்.

"ஒரு பிள்ளைக்கு வந்தா தற்செயல்னு சொல்லிடலாம்டா. ரெண்டு பிள்ளைக்கு ஒரே இடத்துல எழுத்து மாறி ஒரே நோய் வந்தா, அது தடயம்" என்பாள் சித்தி.

சனிக்கிழமைகளில் ஐந்து ஊர் மாணவர்களுக்கும் எங்கள் சமையலறை மேஜையில் இருந்தே ஆன்லைன் வகுப்பு எடுப்பாள். முக்கியமான இடத்தில் குக்கர் விசில் அடிக்கும். ஐந்து ஊரிலும் அவளுக்குக் குக்கர் மேடம் என்றுதான் பெயர். மைக்கைத் திறந்து வைத்தது யார் என்று இங்கே விசாரிக்க வேண்டாம்.

கூட்டில் இன்னொரு முக்கியமான ஆள் துறைமுக ஊர் லேப்காரர். சித்தி அவரை நேரில் பார்த்ததில்லை. குரலும் இருமலும் மட்டும் பழக்கம். எதைச் சொன்னாலும் "உங்களுக்கு எதுக்கு மேடம் சிரமம்" என்று முடிப்பார். நாங்கள் அவருக்கு சிரமம் சார் என்று பெயர் வைத்தோம்.

இப்போது மொட்டைப் பாப்பாவைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வார்டில் ஒரு சின்னப் பெண். தலையில் ஒயர் ஒட்டுவதற்காக மொட்டை அடித்திருந்தார்கள். அடிக்கடி வலிப்பு வரும். ஒவ்வொரு வலிப்புக்கும் அவள் கற்றுவைத்திருந்த ஏதோ ஒன்று போய்விடும். முதலில் நடை போனது. அப்புறம் 'அம்மா' போனது. அவள் அம்மா தையல்காரி. பாப்பா எதையாவது நினைவு வைத்துக்கொள்ளட்டும் என்று துணிப்பூ வைத்துத் தைத்த ஒரே சட்டையில்தான் தினமும் வருவாராம்.

டாக்டருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதுதான் நோய் என்றால் வேறொரு மருந்து இருக்கிறது. இல்லையென்றால் அந்த மருந்தே கெடுதல் செய்துவிடும். பாப்பாவின் மாறிய எழுத்தோ யாரும் கேள்விப்படாதது. அதே மாற்றத்தோடு இன்னொரு பிள்ளை கிடைத்தால் துணிந்து தொடங்கலாம் என்றார். சித்தி ஐந்து ஊர்த் தகவலையும் சல்லடை போட்டாள். ஒருவரும் இல்லை. மறுபடி போட்டாள். இல்லை.

அந்த வாரம் சித்தி ஆஸ்பத்திரி வேனை ஒருநாள் விட்டுவிட்டாள். வேறு பஸ் பிடித்து அடித்துப்பிடித்துப் போவதற்குள், அவளிடம் பேசுவதற்காகக் காத்திருந்த தையல்காரி வார்டுக்குத் திரும்பிவிட்டார். அன்று சாயங்காலம் சித்தி தன் அறைக்குள் போய்க் கதவுத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் சித்தி சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்து "ஐயையோ" என்று அலறினாள். வாயில் தோசைக்குப் பதில் பாஸ்போர்ட் அளவு ரொட்டி. ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அதே வேகத்தில் திரும்பி வந்தாள்.

"ஸ்டாப்புல ஒரு ஈ காக்கா இல்ல! பால்காரரே இப்பதான் வர்றாரு! கடிகாரத்தை யாரு திருப்பினது?"

அம்மா கரண்டியோடு வந்தாள். "நான்தாண்டி. நீ வேனை விட்டுட்டு நிக்கிறியேன்னு பத்து நிமிஷம் முன்னாடி தள்ளி வெச்சேன். நல்லதுக்குத்தானே செஞ்சேன்?"

"பத்து நிமிஷமா? அக்கா, இது இருபது நிமிஷம் முன்னாடி ஓடுது!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டில் எது நடந்தாலும் கடைசியில் அந்தப் பார்வை என்னிடம்தான் வந்து நிற்கும்.

"நீ ஓடுறதைப் பாக்க வேடிக்கையா இருக்கும்னு..." என்றேன்.

"வாலு! உன்னை..." சித்தி கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. அடி விழாத அந்த நேரம்தான் மிகவும் பயமாக இருந்தது.

"அக்கா," என்றாள் மெதுவாக, "நீ தள்ளி வெச்சதை இவன்கிட்ட சொன்னியா?"

"இவன்கிட்ட எதுக்குடி சொல்லணும்?"

"இவனும் உன்கிட்ட சொல்லல. ரெண்டு பேரும் தனித்தனியா சரி பண்ணியிருக்கீங்க."

போன் அரிசி டப்பாவின் மேல் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். சிரமம் சாரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், ஒரு சந்தேகம். உங்க மெஷின் முதல் எழுத்தைப் பூஜ்யம்னு எண்ணும். எங்களுது ஒண்ணுன்னு எண்ணும். அதனால உங்க நம்பரோட நான் ஒண்ணு கூட்டிக்குவேன். தெரியும்ல?"

"தெரியும் மேடம்." இருமல். "பாவம், ஒவ்வொரு தடவையும் கூட்டுறாங்களேன்னு போன மாசத்துலருந்து நானே கூட்டி அனுப்பிடுறேன். உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

"சார்... நானும் இன்னும் கூட்டிட்டுத்தான் சார் இருக்கேன்."



ஒடுக்கமான வழியில் எதிரெதிரே வருகிற இரண்டு மரியாதைக்காரர்கள், ஒருவருக்கொருவர் வழிவிடுவதாக ஒரே பக்கம் விலகி முட்டிக்கொள்வார்களே, அதேதான். இடம் ஒன்று தள்ளிப்போனதால், வழக்கமாக அங்கே இருக்க வேண்டிய எழுத்து பொருந்தவில்லை. பொருந்தாததைச் சித்தியின் புரோகிராம் சத்தமில்லாமல் குப்பைக்கூடைக்குத் தள்ளியிருக்கிறது.

சித்தி வேனுக்குப் பறந்தாள். இந்தத் தடவை கடிகாரம் தேவைப்படவில்லை.

குப்பைக்கூடையில், துறைமுக ஊரிலிருந்து வந்ததில், ஒரு பையன் இருந்தான். அதே இடம், அதே எழுத்து, அதே வலிப்பு. அங்கே டாக்டர் வேறு வழியில்லாமல் அந்த மருந்தையே பயந்து பயந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார், அவனுக்கு வலிப்பு குறைந்திருக்கிறது. இரண்டு ஊரிலும் ரத்தத்தை மறுபடி சோதித்து, டாக்டர்கள் கூடிப் பேசி, அதற்கப்புறம்தான் பாப்பாவுக்கு மருந்து ஆரம்பித்தார்கள்.

மாயமெல்லாம் நடக்கவில்லை. வலிப்பு வருவது குறைந்தது. மொட்டையில் முடி முளைத்தது. பாப்பா இன்னும் நடக்கவில்லை. ஆனால் ஒருநாள் தையல்காரியின் சட்டையில் இருந்த பூவைப் பிடித்து இழுத்தாளாம். தையல் பிரிந்துவிட்டதாம். தன் தையல் பிரிந்ததற்காகச் சந்தோஷப்பட்ட தையல்காரியை இந்த ஊர் அன்றுதான் பார்த்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை சித்தி இதையே பாடமாக நடத்தினாள். "இங்க தப்பு பண்ணது திமிர் இல்ல, மரியாதை. அடுத்தவங்களுக்காக நீங்க எதைச் சரி பண்ணினாலும் முதல்ல வாயைத் திறந்து சொல்லுங்க." சிரமம் சாரும் வகுப்பில் சேர்ந்து, "இனிமே எல்லாருக்கும் தாராளமா சிரமம் குடுப்பேன்" என்று வாக்குக் கொடுத்தார். குக்கர் கைதட்டியது.

இதுவரை எழுதிவிட்டு நிமிர்ந்தால், சித்தி பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். கண்ணாடியை அவளே தேடி எடுத்திருக்கிறாள் என்பதே கெட்ட சகுனம்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா இதுல ஒரு பொய் இருக்கு."

"எது?"

"வேடிக்கைக்குத் திருப்பினேன்னு எழுதியிருக்கியே, அது. முந்தின நாள் ரூமுக்குள்ள நான் அழுதப்ப, கதவுத் திரைக்குக் கீழ ரெண்டு கால் தெரிஞ்சுது."

"பூனையா இருக்கும் சித்தி."

"அப்படியா? குதிகால் பூரா க்ரீஸ் இருந்துது. கடிகார முள்ளுலயும் அதே க்ரீஸ். உன் பூனை எந்த ஒர்க்‌ஷாப்ல வேலை பாக்குதுடா?"