ஒரு கிலோமீட்டர் டார்ச்சும் என் சகலையும்

போன வாரம் எனக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே டார்ச். சாதாரண டார்ச் இல்லை... ஒரு கிலோமீட்டர் தூரம் அடிக்கும் டார்ச்! ராத்திரி ரோந்து போகிறவர்கள் வைத்திருப்பார்களே, அந்த ரகம். கறுப்பு உலோகம், நல்ல கனம். கையில் பிடித்தாலே நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

இது எதற்கு என்று கேட்டாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். எங்கள் ஃபிளாட்டிலேயே அதிக தூரம் என்றால் வாசற்கதவிலிருந்து துணி காயப்போடும் பால்கனி வரை. கிலோமீட்டருக்கு நான் எங்கே போவேன்?

ஆனால் ஒரு பொருளை வாங்கிவிட்டு அதைச் சோதித்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. இதற்கு வேண்டியது வெட்டவெளி. பழவேற்காடு ஏரியை விட்டால் வேறு ஏது? ஏரிக்கரையில், தோணிரேவு என்ற ஊரில் என் மனைவியின் சித்தி மகள் ஸ்டெல்லா இருக்கிறாள். நிறைமாதம். அவளைப் பார்க்கத்தான் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு, பழப்பைக்குள் டார்ச்சையும் போட்டுக்கொண்டேன்.

நாங்கள் போய் இறங்கிய நேரம், வீட்டில் சண்டை. ஸ்டெல்லாவின் கணவன், அதாவது என் சகலை அந்தோணி, வலையோடு கிளம்பிக்கொண்டிருந்தான். அவனுக்கு அன்று பாடு. ஏரியில் நல்ல மீன் விழும் இடங்களில் வலை கட்ட முறைவைத்து ஒவ்வொருவருக்கும் வரும் வாய்ப்பு அது. தவறவிட்டால் மறுபடி முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வலி எந்த நேரமும் வரலாம். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகப் பக்கத்து வீட்டு ஆட்டோ தயார். ஆனால் அவன் இல்லாமல் ஆட்டோவில் ஏற மாட்டேன் என்கிறாள் ஸ்டெல்லா. போன் பண்ணலாமே என்றேன். உப்புத்தண்ணீர் குடித்துச் செத்த போன்களின் கதையைச் சொன்னான் அந்தோணி. அதனால் போன் வீட்டிலேயே இருக்குமாம். கரையில் நின்று லைட்டை அணைத்து அணைத்துக் காட்டினால் ஓடி வந்துவிடுவானாம். அந்த ஊர் வழக்கம் அது. விடாமல் எரியும் லைட் என்றால் கரை இங்கே என்று அர்த்தம். விட்டுவிட்டு எரிந்தால் வீட்டில் ஏதோ ஆபத்து, உடனே வா என்று அர்த்தம்.

ஸ்டெல்லா விடவில்லை. "வலையில மீனு துள்ளும்போது உன் கண்ணு கரையப் பாக்குமா?" என்று கேட்டாள்.

அவன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவள் கண் கலங்கியதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இருட்ட ஆரம்பித்ததும் என் சோதனையும் ஆரம்பித்தது. முதலில் கிட்டத்தில். ஸ்டெல்லாவின் கம்மல் திருகாணி சமையலறையில் விழுந்துவிட்டது. என் டார்ச்சை அடித்தேன்... சுவர் தெரிந்தது, அதன் சுண்ணாம்பு தெரிந்தது, பிறகு யாருக்குமே கண் தெரியவில்லை. என் மனைவி போன் வெளிச்சத்தில் திருகாணியை எடுத்துக் கொடுத்தாள். இன்னொரு குறை, கொஞ்ச நேரத்தில் டார்ச்சின் தலை இஸ்திரிப்பெட்டி மாதிரி சுடுகிறது. சேற்றில் இறாலைக் கையால் தடவிப் பிடிக்கிறவர்களுக்கும் இது ஆகாது. அவர்களுக்கு இரண்டு கையும் வேண்டுமே!

ஆனால் கரைக்கு வந்து ஏரியைப் பார்த்து அடித்தேன் பாருங்கள்... அடேயப்பா! தூரத்தில் வலை கட்டிய கழிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஒரு கழியின் மேல் தூங்கிக்கொண்டிருந்த நாரை தலையைத் தூக்கி என்னை முறைத்தது. எனக்கு உலகத்தையே வாங்கிவிட்ட சந்தோஷம்.

பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஸ்டெல்லா. "அந்த இன்னொரு சுவிட்சு இன்னாது மாமா?" என்றாள்.

திருடன் எதிரே வந்தால் அவன் கண்ணைத் திணறடிக்க, வெளிச்சம் வெட்டி வெட்டி வரும் என்று விளக்கி, அமுக்கியும் காட்டினேன். ஏரி முழுக்கப் பளிச், பளிச், பளிச். நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் காட்டுங்கள் என்றாள். என்னை ஒருவர் பாராட்டி எவ்வளவு நாளாகிறது? காட்டினேன். சற்றுமுன் காதால் கேட்ட ஊர் வழக்கம்தான்... ஆனால் கையில் புதுச் சாமான் இருக்கும்போது எனக்குக் காது வேலை செய்யாது.

திடீரென்று தண்ணீரில் சளப் சளப் என்று சத்தம். முழங்கால் ஆழத் தண்ணீரில் ஒரு ஆள் விழுந்து எழுந்து ஓடி வருகிறான். அந்தோணி! வெளிச்சத்தைப் பார்த்துக் கரைக்குத் திரும்பியவர்களில் எல்லோருக்கும் அப்பால் வலை கட்டியிருந்தவன் அவன். முதலில் வந்து சேர்ந்தவனும் அவன்தான். படகு மெதுவாகப் போகிறது என்று பாதியிலேயே குதித்துவிட்டானாம். மேலே சட்டை இல்லை, தொடை வரை சேறு.

"ஆட்டோ வந்துச்சா?" என்றான். அதற்கு மேல் அவனுக்கு மூச்சு இல்லை.

பின்னாலேயே படகுகள். ஒருவர் இறங்கும்போதே தன் நைனாவுக்கு என்ன ஆயிற்று என்று அழ ஆரம்பித்தார். அவருடைய நைனா டீக்கடையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

புது டார்ச், சும்மா சோதித்தேன் என்று நான் சொன்னதும் அந்தோணி மணலில் உட்கார்ந்துவிட்டான். அடிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். என்னைப் பற்றி அவர்கள் சொன்னதை எல்லாம் இங்கே அச்சிட முடியாது. வலையை அந்தோணியின் கூட்டாளி பார்த்துக்கொண்டிருந்ததால் நான் பிழைத்தேன்.

ஸ்டெல்லாவைத் தனியாகக் கேட்டேன்: உனக்குத் தெரியாதா, என்னைத் தடுத்திருக்கக் கூடாதா?

"உங்க லைட்டையா நான் பாத்துக்கினு இருந்தேன்? அவரு வராரானு பாத்துக்கினு இருந்தேன் மாமா."

இணையத்தில் டார்ச் விமர்சனங்கள் கொட்டிக் கிடக்கின்றன. எத்தனை தூரம், மழை தாங்குமா, கீழே போட்டால் உடையுமா... எல்லாம் எழுதுகிறார்கள். வெளிச்சத்தின் அந்தக் கோடியில் யார் நிற்கிறார் என்று யாராவது எழுதுகிறார்களா? டார்ச்சை அங்கேயே ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டேன்.

அந்தோணி மறுபடி தண்ணீரில் இறங்கியபோது ஸ்டெல்லா நாற்காலியில் இருந்தபடியே குரல் கொடுத்தாள். சண்டையின்போது இருந்த பயம் அந்தக் குரலில் துளியும் இல்லை.

"நெசமா லைட்டு அடிக்கிறப்போ சட்டைய மாட்டிக்கினு வா. ஆஸ்பத்திரில இப்டியே வந்து நிக்காத."