கயிற்றுக்கு வெளியே இருந்த ஊர்

தடைக்காலம் பிறந்துவிட்டால் எங்கள் குப்பத்தில் மீன் வாடை இறங்கிப் பெயிண்ட் வாசனை ஏறும். சித்திரை வெயிலில் பச்சையும் நீலமுமாகப் புதிதாய்ப் பூசிய பலகைகளின் மேல், எண்ணூர் நெடுஞ்சாலையில் போகும் கன்டெய்னர் லாரிகளின் புழுதி யாரையும் கேட்காமல் வந்து ஒட்டிக்கொள்ளும். மீன் பெருகட்டும் என்று விசைப்படகுகளைக் கரையில் நிறுத்திவைக்கும் அந்த மாதங்களில், கடலுக்குப் போகாத ஆண்கள் வலையைச் செப்பனிடுவார்கள், கேரம் ஆடுவார்கள், அலுத்துப்போனால் சண்டை போடுவார்கள். நான் ஏழாம் வகுப்பு முடித்த ஆண்டு மட்டும், அதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு ஊருக்கு ஒரு சட்டம் எழுத உட்கார்ந்தார்கள்.

சிரிக்க வேண்டாம். வடசென்னைக்காரர் வாயைத் திறந்தாலே சிரிக்கிற பழக்கம் இந்த நகரத்துக்கு உண்டு, ‘இன்னா’ என்றால் சிரிப்பு, ‘கீது’ என்றால் சிரிப்பு. ஆனால் எங்கள் ஊர்த் தலைவர், ‘பெரியதனக்காரர்’ என்று நாங்கள் அழைத்தவர், அந்த யோசனையை விளையாட்டாக எடுத்துவரவில்லை. அந்த ஜனவரியில், குடியரசு தினத்தன்று, எங்கள் பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற அவரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் போகிற நேரத்தில், பல மாகாணத்திலிருந்தும் வந்தவர்கள் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து, கிட்டத்தட்ட மூன்று ஆண்டு ஒவ்வொரு வரிக்கும் வாதாடி, உலகத்துச் சட்டங்களையெல்லாம் புரட்டிப் பார்த்து, இந்த நாட்டுக்கென்று ஒரு சட்டம் எழுதிய கதையை எங்கள் சமூக அறிவியல் டீச்சர் அன்று சொன்னார். மேடையில் மிட்டாயை வாயில் அடக்கியபடி கேட்டுக்கொண்டிருந்த பெரியதனக்காரர் ஊருக்கு வந்ததும், “நாட்டுக்கே ஒக்காந்து எழுதி வச்சிக்கீறாங்கோ. நாம இன்னாத்துக்கு எதுக்கெடுத்தாலும் ஸ்டேஷன் வாசல்ல போயி நிக்கணும்? நமக்கு நாமே எழுதுவோம்” என்றார். நல்ல யோசனைதான், அதை நான் இன்றும் மறுக்கவில்லை.

சபை கூடுவதற்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. கோயிலுக்கு எதிரே மணலில் ஒரு தடித்த படகுக் கயிற்றை வட்டமாகப் போடுவார்கள். எந்தப் படகின் கயிறு கைக்கு அருகில் கிடக்கிறதோ அதை எடுத்துக்கொள்வார்கள். வட்டத்துக்குள் ஊர், அதாவது ஆண்கள். பெண்கள் கயிற்றுக்கு வெளியே நின்று கேட்கலாம், பேசக் கூடாது, தாண்டக் கூடாது. காசிமேட்டு மீன் ஏலத்தில் ஆணோடு ஆணாக நின்று தொண்டை கிழியக் கத்துகிறவர்கள், அந்தக் கயிற்றைக் கண்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். எனக்குச் சிறுவயதிலேயே அதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஆண்டு எங்கள் வீட்டுக்கு அந்தச் சபை வாழ்வா சாவா என்றிருந்தது. என் அப்பாவை, நாங்கள் ‘நைனா’ என்போம், அதற்கு முந்தைய மழைக்காலத்தில் நெஞ்சுவலி கொண்டுபோனது. அவர் விட்டுப்போனது ஒரு விசைப்படகும், அம்மாவும், ஒரே மகளான நானும். படகை ஆள் வைத்து ஓட்ட அம்மா முடிவு செய்திருந்தாள். நைனாவின் தம்பியான என் சித்தப்பாவோ, ஆம்பளை இல்லாத வீட்டுப் படகு தனக்குத்தான் சேரும் என்று சபையில் பிராது வைத்துவிட்டார். ஊரும் தலையாட்டிவிட்டது. எழுதிக்கொண்டிருந்த சட்டத்தில் அதுவும் ஒன்றாக ஏறியது. ஆண் வாரிசு இல்லாத வீட்டின் படகு, இறந்தவரின் கூடப்பிறந்தவனைச் சேரும். கடைசியாகக் கூடும் சபையில் ஊர் ஒருமுறை ‘சரி’ என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

செய்தி வந்த அன்று அம்மா அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் பாத்திரம் தேய்ப்பாள். சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டு, “உன் பொஸ்தகத்துல மொதப் பக்கத்துல கீதே, தினம் கத்துவியே, அத்தப் படி” என்றாள். பாடநூலின் முன்பக்கத்தில் அச்சிட்டிருந்த அரசியலமைப்பின் முகப்புரையைப் படித்தேன். நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று நான் ஒப்பிக்க ஒப்பிக்க அவள் தேய்ப்பது மெதுவானது.

“இதுல ஆம்பளைக்கு மட்டும்னு எங்கனா போட்டுக்கீதா?”

“இல்லமா.”

“நல்லாப் பாரு.”

“எங்கயும் இல்லமா.”

“அப்ப சரி” என்று சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

கடைசிச் சபை ஒரு சாயங்காலம் கூடியது. எங்கள் படகின் கயிறு கோயிலருகே வெயிலில் காய்ந்துகொண்டிருந்ததால் அன்று அதைத்தான் வட்டமாகப் போட்டிருந்தார்கள். சித்தப்பா வெள்ளை வேட்டியில், கல்யாண மாப்பிள்ளையாட்டம் முன்வரிசையில் இருந்தார். பெரியதனக்காரர் படகுச் சட்டத்தைப் படிக்கத் தொடங்கும்போது, வெளியே நின்றிருந்த அம்மா ஒரு அடி முன்னால் வந்து சாதாரணமான குரலில் சொன்னாள்:

“தலைவரே, என் போட்டுக் கயிறு வேணும்.”

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். படகுக்காரர் தன் படகின் சாமானைக் கேட்டால், பரம எதிரியாக இருந்தாலும், அந்த நிமிடமே கொடுத்துவிட வேண்டும். கடலில் உயிர் அதில்தான் தொங்குகிறது என்பதால், கேட்பவர் யார் என்றுகூடப் பார்க்க மாட்டார்கள், கை தானாக நீளும். பெரியதனக்காரரும் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல், “எட்துக்கோமே, எட்துக்கோ” என்றார். கயிற்றின் மேல் உட்கார்ந்திருந்த ஆண்கள் பழக்கதோஷத்தில் காலைத் தூக்கி வழிவிட்டார்கள். சித்தப்பாவும் தூக்கினார்.

அம்மா கயிற்றை முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டே வட்டத்தைச் சுற்றிவந்தாள். முழுக் கயிறும் தோளில் ஏறிய பிறகு நின்றாள்.

“போட்டு என்துன்னு ஊரே குட்துட்ச்சி. இப்ப படி தலைவரே, அந்தச் சட்டத்த.”

சித்தப்பா துள்ளி எழுந்து, “கயிற வச்சி ஏமாத்தறா, பொம்பள சபைக்குள்ள வந்து பேசறா” என்று குதித்தார்.

“எது சபை? எது வெளிய?” என்றாள் அம்மா. “கோடு எங்க கீது, காட்டு.”

மணலில் ஒரு தடம்கூட ஒழுங்காக இல்லை. வெளியே நின்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்து ஆண்களுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். முதலில் உட்கார்ந்தது சித்தப்பாவின் மனைவி, என் சித்தி. பெரியதனக்காரர் காகிதத்தைத் தொடையில் விரித்துவைத்தார். கெட்டவர் இல்லை அவர், கொடுத்த வாக்கை மாற்றிப் பேசத் தெரியாத மனிதர். பேனாவை வாங்கி அந்தச் சட்டத்தை அடித்துவிட்டு, “கயித்த ஆரு கேட்டு ஊரு குட்துச்சோ, போட்டும் அவுங்களுது” என்றார். தடைக்காலம் முடிந்ததும் எங்கள் படகு பக்கத்து ஊரான முகத்துவாரக்குப்பத்து ஆட்களோடு கடலுக்குப் போனது. சித்தப்பா பல வருடம் எங்களோடு பேசவில்லை. அம்மாவுக்கு அதில் ஒரு கவலையும் இல்லை.

பின்னாளில் கல்லூரியில் அரசியலமைப்பின் வரலாற்றைப் படித்தபோது ஒரு விஷயம் என்னை உலுக்கியது. அதை எழுதியவர்களைத் தேர்ந்தெடுத்தது ஊர் ஜனம் மொத்தமும் அல்ல. நிலமோ வரியோ படிப்போ உள்ளவர்கள் ஓட்டுப் போட்டு அமைத்த மாகாணச் சட்டசபைகள் அவர்களை அனுப்பின. அவர்களும் ஒருவகையில் கயிற்றுக்குள் உட்கார்ந்தவர்கள்தான், அவர்களில் பெண்கள் ஒரு சிலர் மட்டும். ஆனாலும், வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு, தீண்டாமை குற்றம், சட்டத்தின் முன் யாரும் மட்டமில்லை என்று வெளியே நின்றவர்களையும் சேர்த்து எழுதினார்கள். எங்கள் ஊர் ஆண்களுக்கு அந்த மனசு வரவில்லை, அதனால் நாங்களே நுழைய வேண்டியதாயிற்று. வேலையும் கூலியும் மனிதத்தன்மையோடு இருக்க அரசு பாடுபட வேண்டும் என்ற நெறிகளும் அதில் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு நீதிமன்றம் போக முடியாது என்று புத்தகம் சொல்கிறது. நீதிமன்றம் போக முடியாவிட்டால் தெருவுக்குப் போகலாம் என்று நான் சேர்த்துக்கொண்டேன்.

இப்போது சிலர், அது அங்கே இங்கே இரவல் வாங்கிய சட்டம் என்று டிவியில் கேலி பேசுகிறார்கள். கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “நூலு எங்கேருந்து வந்தா இன்னா? வலைய பின்னது நாமதான்” என்று சொல்லிவிட்டு சேனலை மாற்றினாள்.

அந்தப் படகு பழசாகி உடைபட்டுவிட்டது. பெரியதனக்காரர் இல்லை. துறைமுகங்கள் வளர வளரக் கடல் எங்கள் பக்கம் ஏறி, கோயிலுக்கு எதிரே இருந்த மணல் முழுவதையும் தின்றுவிட்டது. அங்கே இப்போது கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். போன மாதம் ஒரு தொழிற்சாலையை விரிவாக்குவது பற்றிக் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். குப்பத்துப் பெண்கள் எல்லோரும் எழுந்ததும் அதிகாரி மைக்கில், “உங்க ஊர் சார்பா ஒருத்தர் பேசிட்டார், நீங்கல்லாம் உட்காருங்கம்மா” என்றார். எங்களில் ஒருவரும் அசையவில்லை. மூட்டுவலியோடு என் தோளைப் பிடித்து நின்ற அம்மா அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள்: “நாங்க ஒக்காந்த எடத்தத்தான் நீங்க கடலுக்குக் குட்துட்டீங்களே நைனா. இனிமே நின்னுகினேதான் பேசுவோம்.”