சவுனாவுக்குப் போன கம்ப்யூட்டர்

தன் கையே தனக்குதவி என்று வாயால் சொல்கிறவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. அதைச் செய்தும் காட்டுகிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். உறைபனி ஊரான கூஹ்மோவில் தைஸ்தோ இரண்டாவது ரகம். படகுத்துறையைத் தானே கட்டினார். அது மிதந்துபோய் இப்போது ஏரியின் அக்கரையில், யாருடைய துறையாகவோ இருக்கிறது. ஆடிய பல்லைத் தானே பிடுங்கினார். வந்தது பக்கத்துப் பல். ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி "கொஞ்சம் வந்து பாருங்க" என்று கேட்பதற்குப் பதில் கரடியின் குகையில் பாய் விரித்துப் படுப்பார்.

ஓய்வு பெறும் வரை ஊர்ச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டினார். விடிவதற்கு முன்னால் கிளம்பி, ஊர் எழுவதற்குள் சாலையைச் சுத்தமாக வழித்து வைப்பார். அப்படி வழிக்கும்போது ஒவ்வொரு வீட்டு வாசல் வழியிலும் ஒரு பனிவரப்பு விழும். எல்லார் வாசலிலும் கணுக்கால் உயரம். பக்கத்து வீட்டு என்ஸியோவின் வாசலில் மட்டும் இடுப்பு உயரம். அவர் மண்வெட்டியோடு வெளியே வருவதற்குள் அது பாறையாக இறுகியிருக்கும்.

தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என்ஸியோ சும்மா விடுகிற ஆள் இல்லை. நகராட்சியில் சொன்னார், கடையில் சொன்னார், இழவு வீட்டுக் காப்பியின்போதுகூடச் சொன்னார். "அவன் வேணும்னே பண்றான்!" தைஸ்தோவோ, "வண்டித் தகடு தள்ளுது, பனி விழுது. அதுக்கு என்ஸியோ வீடு எதுன்னு தெரியுமா?" என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்.

ஊர் தைஸ்தோவை நம்பியது. அவருக்காக அல்ல, அவர் மனைவி ரைலிக்காக. பள்ளிக்கூடச் சமையலறையில் அந்த ஊரின் பாதிப் பேருக்குச் சோறு போட்டு வளர்த்தவள் ரைலி. அவள் இடுப்பில் கைவைத்து நின்று, "எம் புருஷன் முட்டாள்தான், ஒத்துக்கறேன். ஆனா அவனுக்கு வஞ்சகம் தெரியாது" என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. என்ஸியோவுக்குக் கிறுக்கு என்று ஊர் முடிவு கட்டியது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வண்டி போய், வேலை போய், தைஸ்தோவின் தலைமுடியும் போனது. பேசாமை மட்டும் போகவில்லை.

ரைலி ஓய்வு பெற்றதும் துப்பறியும் நாவல் எழுத உட்கார்ந்தாள். பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற ஒருவன் பனிக்குவியலுக்குள் செத்துக் கிடக்கிறான், அதுதான் முதல் அத்தியாயம். யாரைப் பார்த்து எழுதினாள் என்று கூஹ்மோவில் நாய்க்குட்டிக்கும் தெரியும். கொன்றது யார் என்பதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"ஒண்ணு சொல்றேன்," என்பாள். "செத்தவன் ஒரு பாவமும் அறியாதவன். அநியாயமாச் சாவான். கடைசி அத்தியாயத்துல படிக்கிறவங்க அழுதே ஆகணும்."

இதைக் கேட்கும்போதெல்லாம் தைஸ்தோ எழுந்து போய் அடுப்புக்கு விறகு போடுவார். விறகு தேவைப்பட்டதே இல்லை.

ஆறு வருடமாக நாவல் வளர்ந்தது, கம்ப்யூட்டர் கிழடானது. காலையில் பொத்தானை அழுத்திவிட்டு ரைலி காப்பி போட்டு, குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் அது கண் விழித்திருக்காது. உள்ளே ஹார்ட் டிஸ்க் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும். நாவல் இருந்தது அது ஒன்றில்தான். இணையத்தில் ஏற்றி வையுங்கள் என்று மகள் சொன்னதற்கு, "முன்னப்பின்ன தெரியாதவன் கம்ப்யூட்டர்ல எம் பொணத்தக் கெடத்த மாட்டேன்" என்றுவிட்டாள்.

ஜனவரியில் ஔலு நகரத்துப் பதிப்பகம் ஒன்று முழு நாவலையும் திங்கட்கிழமை அனுப்பச் சொன்னது. அதற்கு முந்தைய சனி, ஞாயிறில் பார்த்து ரைலியின் அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன். கிளம்பும்போது ரைலி வாசலில் நின்று விரலை ஆட்டினாள்.

"கம்ப்யூட்டர் பக்கம் தலை வெச்சும் படுக்காத. புரிஞ்சுதா?"

"நான் ஏன் படுக்கப் போறேன்?" என்றார் தைஸ்தோ. அவருடைய கார் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் ஒரு வாரமாக, பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடுகிற ஒரு புது எஸ்.எஸ்.டி. ஒளிந்துகொண்டிருந்தது. ரைலியின் பிறந்தநாள் பரிசு. இதைப் போட்டால் கம்ப்யூட்டர் கண்ணிமைப்பதற்குள் எழுந்துவிடும் என்று கடைக்காரப் பையன் சொல்லியிருந்தான். போட்டுத் தர ஆள் வேண்டுமா என்றும் கேட்டான். தைஸ்தோ அவனைப் பார்த்த பார்வையில் அவன் ரசீதை நீட்டிவிட்டான்.

ஆழம் தெரியாமல் காலை விட்டார் என்று சொல்ல முடியாது. ஒரு வீடியோ பார்த்தார். அதில் அவர் மனதில் பதிந்தது ஒன்றே ஒன்று. உடம்பில் இருக்கும் மின்சாரப் பொறி பட்டால் டிஸ்க் செத்துப்போகும். வெளியே மைனஸ் முப்பது டிகிரி உறைகுளிர், வீட்டுக்குள் காற்று அப்பளமாய்க் காய்ந்து கிடந்தது. கதவுப்பிடியைத் தொட்டால் பொறி, பூனையைத் தடவினால் பொறி. பூனை அவரிடம் வருவதையே விட்டுவிட்டது. தைஸ்தோ யோசித்தார். காய்ந்த காற்றில்தானே பொறி? ஈரமான இடம் எது? சவுனா! சனிக்கிழமை, எப்படியும் சவுனா மூட்ட வேண்டும். ஒரே விறகில் இரண்டு வேலை.

அடுப்பில் கல்லைச் சூடாக்கி, தண்ணீர் ஊற்றி, ஆவியில் குளிக்கிற அந்தச் சவுனா தோட்டத்து மூலையில், தனிக் கட்டடம். கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றி, காலால் உந்தும் பனிவண்டியின் இருக்கையில் கட்டி, தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வந்து திரையைக் கொண்டுபோனார். காரிலிருந்து எஸ்.எஸ்.டி.யை எடுத்தார். வெந்நீர் ஆவி கதவிடுக்கு வழியே வந்துகொண்டிருந்த உடைமாற்றும் அறையில் எல்லாவற்றையும் பரப்பினார். அப்புறம்தான் கம்பளிச் சட்டையில்தான் பொறி அதிகம் என்பது ஞாபகம் வந்தது. சட்டையைக் கழற்றினார். கம்பளிக் கால்சட்டை? அதையும். கடைசியில் பிறந்த மேனிக்கு, கையில் ஸ்க்ரூடிரைவரோடு, கம்ப்யூட்டருக்கு முன்னால் மண்டியிட்டார்.

எஸ்.எஸ்.டி.யைப் பிரித்தால், ஒரு வாரம் உறைகுளிரில் கிடந்தது அந்த வெப்பத்தில் குப்பென்று வியர்த்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ரைலியின் கம்ப்யூட்டர் பெட்டியின் உள்ளேயும் முத்து முத்தாக ஈரம். வேறு நாட்டான் பயந்திருப்பான். தைஸ்தோ பிறந்த நாட்டிலோ சவுனாவும் சாராயமும் மருந்தாகப் பூசும் தாரும் தீர்க்காத வியாதி சாவில்தான் தீரும் என்பார்கள். எஸ்.எஸ்.டி.யைச் சவுனாவின் கீழ்ப்பலகையில் ஒரு துண்டு விரித்துப் படுக்க வைத்தார். பக்கத்தில், காகிதத்தில் சுற்றிய இறைச்சி சாஸேஜ் வெந்துகொண்டிருந்தது.

காய்ந்ததும் பழைய டிஸ்கைக் கழற்றி, அந்த இடத்தில் புதியதை மாட்டி, பொத்தானை அழுத்தினார். பழையதில் இருப்பதெல்லாம் புதியதுக்குத் தானாக வந்துவிடும் என்று நினைத்தார். குடித்தனம் மாறுகிறவன் சாமான் தானே நடந்து வரும் என்று நினைத்த மாதிரி. கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரி: தொடங்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை.

சரி என்று பழையதையே திரும்ப மாட்டினார். அழுத்தினார். அதே வரி. கழற்றி மாட்டினார். அதே வரி. பல்லைக் கடிக்கும் அந்தப் பழைய சத்தம்கூட இல்லை.

ஆறு வருடம். ஒவ்வொரு காலையும் அவள் அந்த நாற்காலியில் முதுகு வளைத்து உட்கார்ந்த ஆறு வருடம். அவள் அழுவதை அவர் இதற்கு முன் ஒரே ஒருமுறைதான் பார்த்திருந்தார். இன்னொரு முறை, அதுவும் தன்னால், பார்க்கத் தெம்பில்லை. துண்டை இடுப்பில் சுற்றினார், ரப்பர் பூட்ஸில் காலை நுழைத்தார், பனியில் ஓடினார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

என்ஸியோ கதவைத் திறந்து மேலும் கீழும் பார்த்தார்.

"ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றார். இத்தனை வருடத்தில் முதல் பேச்சு. "கம்ப்யூட்டரக் குளிப்பாட்டப் போறியோன்னு நெனச்சேன்."

"ரைலியோட நாவல் போச்சு, என்ஸியோ."

என்ஸியோ கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். உடைமாற்றும் அறையில் ஆவியையும், ஈரத்தையும், சாஸேஜ் வாசனையில் மணக்கும் எஸ்.எஸ்.டி.யையும் பார்த்தவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ், நனைஞ்ச பெட்டிக்குக் கரண்டு குடுத்தியா நீ?"

"பொறி பட்டாச் செத்துடும்னு..."

"பெட்டி இரும்ப ஒரு தடவ தொட்டுட்டு வேலை பாத்தாப் போதும்யா! அதுக்கு அம்மணமா ஒக்காரணும்னு எந்த மடையன் சொன்னான்?"

"நானே கண்டுபுடிச்சேன்."

"அதான் தெரியுதே."

எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சமையலறை மேசையில் திறந்து வைத்தார்கள். முழுக்கக் காயும் வரை யாரும் தொடக் கூடாது என்றார் என்ஸியோ. டிஸ்க் பிழைக்குமா என்று கேட்டதற்கு, "காஞ்சாத்தான் தெரியும்" என்றார். அதுவரை என்ன செய்வது? சனிக்கிழமை, சவுனா சூடாக இருக்கிறது, வந்தவரை உள்ளே கூப்பிடாமல் இருக்க முடியாது. அதைவிடப் பெரிய பாவம் அந்த ஊரில் இல்லை.

இரண்டு கிழவர்களும் மேல்பலகையில், நடுவே ஒரு ஆள் இடம் விட்டு, உட்கார்ந்தார்கள். என்ஸியோ அகப்பையை எடுத்துக் கல்லில் தண்ணீர் ஊற்றினார். ஆவி சீறியது. இன்னும் ஊற்றினார். தைஸ்தோவின் காது எரிந்தது. இறங்கினால் தோற்றதாகிவிடும் என்பதால் இறங்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன்," என்றார் என்ஸியோ. "சும்மா தெரிஞ்சுக்கத்தான். பதில் சொன்னாலும் சொல்லாட்டியும் டிஸ்கப் பாத்துத் தருவேன். அந்தப் பனிவரப்பு. வேணும்னே பண்ணினியா?"

தைஸ்தோ அடுப்பைப் பார்த்தார். போட விறகு இல்லை.

"வேணும்னேதான்," என்றார். "உன் வாசல் வந்ததும் தகடக் கொஞ்சம் திருப்புவேன். எங்க நாய உன் ரோஜாச் செடிகிட்டேருந்து கல்லால அடிச்சு வெரட்டினேல்ல? அதுக்கு."

அடி விழும் என்று எதிர்பார்த்தார். என்ஸியோவின் முகம் கோணியது. பார்த்தால் அழுகிறார்.

"எம் பொண்டாட்டி கூட நம்பலய்யா," என்றார். "சாகிற வரைக்கும், 'உனக்குப் பிரமை, உனக்குப் பிரமை'ன்னே சொன்னா. நானே பாதி நம்பிட்டேன், எனக்குத்தான் மூளை பெசகிடுச்சோன்னு."

மன்னிப்பு என்ற சொல் தைஸ்தோவின் வாயில் என்றுமே சரியாக உட்கார்ந்ததில்லை. சாஸேஜில் பெரிய துண்டை என்ஸியோவிடம் நீட்டினார். என்ஸியோ வாங்கிக்கொண்டார்.

எல்லாம் காய்ந்த பின் என்ஸியோ டார்ச் அடித்துப் பெட்டிக்குள் பார்த்தார். பழைய டிஸ்குக்கு இரண்டு ஒயர் போக வேண்டும். ஒன்றைத்தான் தைஸ்தோ மாட்டியிருந்தார். கரண்டு ஒயர் ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் செருகி அழுத்தினார். உள்ளே டிஸ்க் பல்லைக் கடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு தைஸ்தோ நாற்காலியில் சரிந்தார்.

"முட்டாளுக்கும் கடவுள் உண்டு," என்ற என்ஸியோ புதியதை இன்னொரு ஒயரில் மாட்டி, நகலெடுக்கும் புரோகிராமைத் திறந்தார். எதிலிருந்து எதற்கு என்று அது கேட்டது. எதற்கு என்று சொல்கிறோமோ அதில் உள்ளதெல்லாம் அழியும் என்றும் எச்சரித்தது.

"எது பழசு, எது புதுசு? வாயால சொல்லு."

"பெருசு பழசு. சாஸேஜ் வாசன அடிக்கிறது புதுசு."

மாற்றி அழுத்தினால் வெறும் டிஸ்க் நாவலின் மேல் நகலாகும் என்று என்ஸியோ விளக்கினார். தைஸ்தோ கண்ணை மூடிக்கொண்டார். என்ஸியோ இரண்டு முறை சரிபார்த்துவிட்டு அழுத்தினார். நகல் முடிந்ததும் இனிமேல் புதியதிலிருந்தே தொடங்கும்படி மாற்றினார். பழையதைக் கழற்றி அலமாரியில் வைத்தார்.

ஞாயிறு மதியம் ரைலி வந்தபோது சமையலறையில் இருவரும் காப்பியில் ஏலக்காய் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அவள் பையைக் கீழே போட்டாள்.

"யாரு செத்தா?"

"பிறந்தநாள் வாழ்த்து," என்றார் தைஸ்தோ. "கம்ப்யூட்டரப் போட்டுப் பாரு."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஓடிப்போய் அழுத்தினாள். வழக்கப்படி காப்பிப் பாத்திரத்தை எடுக்கத் திரும்பினாள். எடுப்பதற்குள் திரை விழித்திருந்தது. நாவலைத் திறந்து, கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்து, மூச்சை விட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. பிறகு சங்கடத்தோடு என்ஸியோவைப் பார்த்தாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இதுல கொலகாரன் நீங்கதான். நாளைக்கு அனுப்பறேன். கோவிச்சுக்காதீங்க."

என்ஸியோ ரொட்டியைக் கீழே வைத்தார். "நானா? எதுக்குக் கொன்னேன்?"

"பனிவரப்புக்குத்தான். அவன் வேணும்னே பண்றான்னு தப்பா நெனச்சு. பாவம், அவன் ஒண்ணும் அறியாதவன். கடைசில உண்மை தெரிஞ்சு நீங்க கதறி அழுவீங்க."

"தப்பா நெனச்சா?" என்ஸியோ நிமிர்ந்தார். "வேணும்னேதாம்மா பண்ணினான். நேத்து சவுனால அவனே சொன்னான்."

ரைலி கணவனைப் பார்த்தாள். கடையில், நகராட்சியில், தேவாலய வாசலில், தான் இடுப்பில் கைவைத்து நின்ற இடமெல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. தைஸ்தோ எழுந்து விறகுக்கூடையைத் தேடினார்.

"ஒக்காரு," என்றாள். உட்கார்ந்தார். அவள் கதவைத் திறந்து பிடித்தாள். "ரெண்டு பேரும் வெளிய போங்க. எனக்கு விடியறதுக்குள்ள வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"கடைசி அத்தியாயத்த மாத்தணும்," என்றாள் ரைலி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே. "இப்ப அவரு விடுதலை ஆயிடுவாரு. உனக்காக யாரும் அழப் போறதில்ல."