கேற்றிலிருந்து வாசல் வரை

எங்கள் பக்கத்தில் வீட்டு முற்றத்துக்குக் கல் பதிக்க வருகிற மேசன்மார் முதலில் கேட்பது நீள அகலம் அல்ல. கிண்ணியாவிலிருந்து வந்த முஸ்லிம் மேசன் நானாவும் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே அதைத்தான் கேட்டார்.

"அண்ணன், பங்கர் எதில வெட்டியிருந்தீங்க?"

சண்டைக் காலத்தில் லிங்கநகரில் ஷெல்லுக்குப் பதுங்கும் பங்கர்க்குழி இல்லாத வளவு அநேகமாய் இல்லை. பிறகு ஆளாளுக்குத் தெரிந்த மாதிரி மூடினார்கள். மூடியவர்களில் சிலர் செத்துப்போனார்கள், சிலர் வெளிநாடு போனார்கள், குழிகள் மட்டும் இருந்த இடத்தில் இருக்கின்றன. கல் பதித்த இரண்டாம் மாரிமழையிலேயே வான் வண்டியின் சில்லு புதைந்து, முற்றம் சட்டி போலக் குழிந்துபோன வீடுகள் இரண்டு எங்கள் ஒழுங்கையில் உண்டு.

கேற்றுக்கும் வாசலுக்கும் சரி நடுவில் கையைக் காட்டினேன்.

"இதில இருந்தது. ஒழுங்காய் மூடியாச்சு."

"மேல போட்ட குத்தியெல்லாம் எடுத்தீங்களா?"

"எடுத்தனான்."

பொய். பங்கருக்குக் கூரையாகப் பனங்குற்றிகளை அடுக்கி, அவற்றின்மேல் மண்மூட்டை போட்டிருந்தோம். மூடுவதென்றால் குற்றிகளை ஒவ்வொன்றாய் வெளியே எடுத்து, அடியிலிருந்து மண்ணைப் போட்டு மிதித்துக்கொண்டு வரவேண்டும். நான் அப்படிச் செய்யவில்லை. மனைவி தன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த ஒரு பின்னேரம், தனியாளாய், கிடைத்த குப்பை, வாழைத்தண்டு, ஓட்டுத் துண்டு எல்லாவற்றையும் துவாரத்தால் உள்ளே தள்ளினேன். மேலே மண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, விளக்குமாற்றால் கூட்டியும் விட்டேன். பார்க்க அழகாய்த்தான் இருந்தது. அவள் வந்து கேட்டபோது, குற்றிகளை எடுத்து ஒருவருக்கு வேலி போடக் கொடுத்துவிட்டதாகச் சொன்னேன். "தனியாவோ?" என்றாள். ஓம் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குசினிக்குள் போனாள். கெட்டிக்காரன் என்று மெச்சுகிற பார்வை அது என்று நினைத்து, அதை இருபது வருடத்துக்கு மேல் வைத்துச் சாப்பிட்டேன். போகப்போக எனக்கே அந்தக் கதை நடந்தது போலத் தெரியத் தொடங்கியது.

நானா குனிந்து முற்றத்தைப் பார்த்தார். நடந்து நடந்து புல் முளைக்காமல் போன தடம் ஒன்று கேற்றிலிருந்து கிளம்பி, இடப்பக்க வேலியோரமாய் வளைந்து, பிறகு வாசலுக்கு வந்தது.

"பாத ஏன் அண்ணன் இப்பிடி வளைஞ்சு போகுது?"

"என்ர மனிசி நடக்கிறது அப்பிடி. வேலிப்பக்கம் நிழல்."

நிழல் என்றுதான் நானும் அதுவரை நம்பியிருந்தேன்.

அவசரமெல்லாம் அவளுக்காகத்தான். சீனி வருத்தம் முற்றி, புண் ஆறாமல், அவளுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விடுவதாய்ச் சொன்னார்கள். இனி சில்லுக் கதிரைதான். எங்கள் முற்றம் மணல். வெயிலில் சில்லு புதையும், மாரியில் சேறாகும். அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு ஒரேயொரு நிபந்தனை போட்டிருந்தாள்.

"வீட்டுக்க போகேக்க என்னை ஒருத்தரும் தூக்கக் கூடாது. கேற்றில இருந்து நானே உருட்டிக்கொண்டு போவன்."

செவ்வாய்க்கிழமை நானாவும் இரண்டு வேலையாட்களும் மண்ணை வெட்டினார்கள். ஒரு அடி ஆழம். மேல் மண், புல்வேர், பட்டுப்போன வேம்பின் வேர் எல்லாம் வெளியே வந்தன. நடுப்பகுதிக்கு மண்வெட்டி வந்தபோது நான் தேத்தண்ணீர்க் கோப்பையோடு பக்கத்தில் நின்றேன். குற்றிகள் இன்னும் அரை அடி கீழே கிடக்கும் என்பது எனக்கு மட்டும் தெரியும். மண்வெட்டி அந்த அரை அடிக்குப் போகவில்லை. நிம்மதியாய் இருந்தது. அப்படி நிம்மதிப்பட்டதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே பிடிப்பதில்லை.

புதன்கிழமை காலை கந்தளாய்ப் பக்கத்துக் கிரவல் மண் வந்தது. அதைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, மண் இறுக்கும் மெசினை ஓட்டினார்கள். அதன் அதிர்வில் குசினி அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுகிலுத்தன. நானா நூல் கட்டி, ஒழுங்கைப் பக்கம் தண்ணீர் ஓடும் வாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெசின் நடுவுக்கு வந்ததும் சத்தம் மாறியது. அதுவரை இறுக்கமாய்க் கேட்ட சத்தம் அங்கே தளர்ந்து, வெறும் பீப்பாயில் தட்டினாற்போல் ஆனது. நானா கையைக் காட்டி மெசினை நிறுத்தினார். குதிக்காலால் ஓங்கி மிதித்துப் பார்த்தார்.

"இதில சத்தம் வேற மாதிரி இருக்கு அண்ணன்."

"கீழ ஓட்டுத் துண்டு ஏதும் கிடக்கும். நீங்கள் பாருங்கோ வேலையை."

கொஞ்சம் எரிந்துதான் விழுந்தேன். குற்றமுள்ளவனுக்குக் கோபம் சும்மா வரும். நானா என் முகத்தை ஒருமுறை பார்த்தார். அவர் கேட்டாயிற்று, நான் சொல்லியாயிற்று, வீடும் என்னுடையது. மெசின் மறுபடி ஓடியது.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் நடைபாதையில் கதிரையை உருட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் தரைக்கல் ஒன்று ஒரு விரல்கடை அளவுதான் கீழே இறங்கியிருந்தது. முன்னால் உள்ள சின்னச் சில்லு அதில் விழுந்தது. கதிரை நிற்க, அவள் முன்னுக்குச் சரிந்தாள். தோளில் பிடித்து இழுத்துவிட்டேன். மிச்சக் காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்கினாள். ஒரு விரல்கடைக்கே இப்படியென்றால், முற்றத்து நடுவில் கல்லோடு சேர்ந்து பங்கர்க் கூரையும் இறங்கினால் என்ன நடக்கும் என்று நினைக்கவே பயமாய் இருந்தது.

கட்டிலுக்குத் திரும்பியதும் கேட்டாள்.

"கிரவல் இறுக்கியாச்சோ?"

"ஓம்."

"நடுவிலயுமோ?"

"நடுவிலயுந்தான்."

போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

பஸ்ஸில் வரும்போது துறைமுகத்துக்கு அப்பால் மூதூர்ப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. மழைக்கு முன் முடிக்கவேண்டும், வெள்ளிக்கு முன் முடிக்கவேண்டும், நானாவிடம் எந்த முகத்தோடு சொல்வது. வீடு வரைக்கும் இதே கணக்குத்தான். கிழவன் ஆகிறேன், வாயைத் திறந்து ஒரு உண்மை சொல்வதற்கு இவ்வளவு தயக்கம், பஞ்சி.

வியாழக்கிழமை காலை கல்தூள் கேற்றடியில் குவிந்து கிடந்தது. அதைப் பரப்பினால் அடுத்தது கல்தான். வேலையாட்கள் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கிடங்கு கிண்டும் இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு போய் நடுவில் ஓங்கிக் குத்தினேன். இறுக்கிய கிரவல் இரண்டு குத்துத் தாங்கியது. மூன்றாவது குத்தில் அலவாங்கு என் கைப்பிடி வரைக்கும் இறங்கியது. துவாரத்தால் பூஞ்சண மணம் வந்தது.

நானா வந்து அலவாங்கை வாங்கி, மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். அது எங்கும் முட்டவில்லை.

"குத்திய எடுக்கல்லயா அண்ணன்?"

"எடுக்கேல்ல."

"மொதல்லயே கேட்டனே."

"ஓம். கேட்டனீங்கள்."

தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"இதுக்கு மேலால அவங்கட கதிர போயிருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு வெட்கமாய் இருந்தது. அவருக்கு முன்னால் மட்டுமல்ல, வேலையாட்கள் இருவருக்கும் முன்னால்.

இறுக்கிய கிரவலை மறுபடி அள்ளி ஒதுக்கினார்கள். குற்றிகள் தெரிந்தன. கீழே நான் தள்ளிய வாழைத்தண்டும் குப்பையும் உக்கி இல்லாமல் போக, ஒரு ஆள் குந்தியிருக்கக்கூடிய வெற்றிடம் இருந்தது. நானே உள்ளே இறங்கினேன். "நீங்க ஏறுங்க, ஆக்கள் இருக்காங்கதானே," என்று நானா சொன்னார். கேட்கவில்லை. கயிறு கட்டி ஆறு குற்றிகளை ஏற்றினோம். கடைசியாய்ச் சுவரோரம் ஒன்று கிடந்தது, குற்றி என்று சொல்ல ஏலாது, தும்பும் தூளும்தான்.

"அத விடுங்க அண்ணன். அது மண்ணாப் போயிட்டு."

விடவில்லை. இரண்டு கையாலும் வாரி, கடகப்பெட்டியில் போட்டு வெளியே அனுப்பினேன்.

பிறகு அரை அடிக்கு அரை அடியாய் மண் போட்டு, தண்ணீர் விட்டு, இறுக்கினார்கள். நானா அந்தக் குழியை நம்பவில்லை.

"நாளைக்குக் கல் பதிக்க ஏலாது. நாளைக்கு ஜும்ஆத் தொழுகையும் இருக்கு. இது தண்ணி குடிச்சு ரெண்டு நாள் இறங்கட்டும். அவங்களத் திங்கள் கூட்டி வாங்க."

மனைவிக்குப் போன் எடுத்தேன். இவ்வளவுக்குப் பிறகும் வாயில் வந்தது பொய்தான்.

"கல்லு லொறி பிந்திப்போச்சு. திங்கள் வருவம்."



"பிந்தினாப் பரவாயில்லை," என்றாள். "ஒழுங்காய்ச் செய்யுங்கோ."

சனிக்கிழமை நல்ல மழை. நானா குடையோடு வந்து நின்று பார்த்தார். மூடிய இடத்தில் உள்ளங்கை அளவுக்குத் தண்ணீர் தேங்கியது. அது எனக்குக் கிணறு மாதிரித் தெரிந்தது. மழை விட்டதும் அந்த இடத்தைக் கிளறி, இன்னொரு அடுக்குக் கிரவல் போட்டு இறுக்கினார். அதன்பிறகு மெசினின் சத்தம் கேற்றிலிருந்து வாசல் வரை ஒன்றாய் இருந்தது. ஞாயிறு முழுதும் கல் பதித்தார்கள்.

திங்கள் காலை வான் வண்டியிலிருந்து இறக்கி அவளைக் கதிரையில் இருத்தினேன். கல் முற்றம் முழுக்க, வாசல் வரை சமமாய்ப் பதிந்து கிடந்தது. அவள் இரண்டு சில்லிலும் கை வைத்தாள். கதிரை கேற்றைத் தாண்டியதும் இடப்பக்கம், வேலியை நோக்கித் திரும்பியது. அங்கேயே நிறுத்தினாள்.

"இஞ்சேருங்கோ. இந்தமுறை குற்றியளை எடுத்தனீங்களோ?"



"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"வேலிக்குக் குடுத்ததெண்டு சொன்னனீங்கள். நான் எந்த வேலியிலயும் காணேல்ல."

"அப்ப ஏன் என்னட்டைக் கேட்கேல்ல?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்லியிருப்பீங்கள். நான் சுத்தி நடந்தனான்."

வேலியோரத் தடம் கல்லுக்குக் கீழே போய்விட்டது. ஆனால் அது எதால் போனது என்று எனக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு மேல், சந்தைப் பையோடும், தண்ணீர் வாளியோடும், காலில் புண் வந்த பிறகு நொண்டிக்கொண்டும், அவள் என் பொய்யைச் சுற்றித்தான் நடந்திருக்கிறாள்.

"எத்தினை எடுத்தனீங்கள்?"

"ஏழு. கடைசி முழுசாய் இல்லை. தும்பாய்க் கிடந்தது. அதையும் எடுத்தனான்."

அவள் தலையை உயர்த்தி மேலே பார்த்தாள். மேலே வெறும் வானம். ஷெல் விழுந்த நாட்களில் பங்கருக்குள் மல்லாந்து கிடந்தவளுக்குப் பார்ப்பதற்கு இருந்தது அந்தக் குற்றிகள்தான்.

"ஏழுதான்," என்றாள்.

பிறகு, "கையை விடுங்கோ," என்றாள். கதிரையின் பிடியை நான் இறுக்கிப் பிடித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. விட்டேன். அவள் சில்லைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்து, நேராய் உருட்டிக்கொண்டு போனாள்.