வலைக் கொட்டகையில் ஒன்பது மணி நேரம்

அறுபத்தெட்டு வயதில், அஞ்சல் வழியில் குற்றவியல் நீதி படிக்கச் சேர்ந்தேன். சனிக்கிழமைகளில் பொன்னேரியில் வகுப்பு. மொத்தம் இருபத்து மூன்று பேர். பத்தொன்பது பேர் பதவி உயர்வுக்காகப் படிக்கும் காவலர்கள். மீதி நால்வரில் நான் ஒருவன். தபால் அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் முத்திரை குத்திய கைக்கு ஓய்வு ஒத்துவரவில்லை, அதனால் சேர்ந்தேன். சேர்ந்திருக்கக் கூடாது என்று மூன்றாம் மாதமே தெரிந்துவிட்டது.

அந்த மாதப் பாடத்தில், ஒருவரை ஓர் இடத்திலிருந்து வெளியே போகவிடாமல் அடைத்து வைப்பது குற்றம் என்றிருந்தது. அடிக்க வேண்டியதில்லை, கட்ட வேண்டியதில்லை. கதவைப் பூட்டினாலே போதும். அந்தப் பத்தியை நான்கு முறை படித்தேன்.

ஏரியில் இறால் ஓடும் இடங்களில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று எங்கள் குப்பத்தில் முறை உண்டு. பாடு என்போம். எண்பத்தொரு குடும்பத்துக்கும் வரிசை எண் இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன் ஒருவன் தன் முறை வராத நாளில் வலை கட்டிவிட்டான். ஊர்க்கூட்டம் கூடும்வரை அவனை வலைக் கொட்டகையில் பூட்டி வைத்தோம், காலை ஏழு மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை. பிறகு கூட்டத்தில் அவன் பாட்டைப் பறித்தோம். போலீசுக்கு யாரும் போகவில்லை. போனால் ஊர் தள்ளி வைத்துவிடும்.

இப்படி ஊரே தீர்த்த ஒரு வழக்கைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதி, ஊர்த் தலைவரின் கையெழுத்தோடு தர வேண்டும் என்றார்கள் கல்லூரியில். எனக்கு வேறு எதுவும் எழுத ஓடவில்லை. யார் பெயரும் வரக்கூடாது என்பது விதி. அதனால் அவனைப் ‘பதினேழாம் பாட்டுக்காரர்’ என்று குறித்தேன்.

தலைவர் என் மைத்துனர். படித்துக்கொண்டே வந்தவர் பதினேழின் மேல் விரலை வைத்தார்.

“இன்னா மச்சான், பேரு போடலைன்னியே?”

“போடலையே.”

“பதினேழாம் பாடுன்னு எழுதிட்டு பேரு போடலைன்றே! பால் குடிக்கிற கொயந்தைக்குக் கூடத் தெரியும். ஆதார் நம்பரையும் சேத்து எழுதறதுதானே?”

பாடு வரிசை நோட்டை இருபது வருடமாக எழுதி வருகிறவன் நான். எனக்கு அது வெறும் எண்ணாகவே பட்டிருக்கிறது. வெட்கத்தோடு ஆறு இடத்தில் அடித்து ‘ஒரு மீனவர்’ என்று மாற்றினேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் தலைவர் சுருக்கொப்பம் போட்டார். கடைசியில் முழுக் கையெழுத்து.

சனிக்கிழமைதான் அதை ஒப்படைக்கக் கடைசி நாள். எங்கள் தீவிலிருந்து கரைக்குப் போகும் முதல் படகில் நான் ஒருவன்தான். படகோட்டுபவன் அவனேதான், பாட்டை இழந்ததிலிருந்து ஆள் ஏற்றிப் பிழைக்கிறான். பாதி ஏரியில் என்ஜினை நிறுத்தினான்.

“என்னப் பத்தி எழுதிக்கினு போறியாமே நைனா. படி, கேக்கறேன்.”

“ஏழு இருபது பஸ் போயிடும்பா.”

“சீக்கிரம் படிச்சா போவாது.”

சுற்றிலும் முழங்கால் தண்ணீர், அதன் கீழே இடுப்பளவு சேறு. இறங்கி நடக்க முடியாது. ஏழாம் பக்கத்தைப் படித்தேன்: நான்கு பெரியவர்கள் அவரைக் கொட்டகையில் பூட்டினர், ஒன்பது மணி நேரம் உள்ளே இருந்தார்.

“நாலு பேரா?”

“ஆமா.”

“பலகை இடுக்குல பாத்து எண்ணிக்கினு இருந்தேன். உள்ள எனக்கு வேற இன்னா வேலை? அஞ்சு பேரு. ஒம்போது மணி நேரம்னு கரீட்டா எழுதறே, சாவி உங்கிட்ட இருந்துச்சு. உன்ன மட்டும் எண்ணாம வுட்டுட்டே.”

வேண்டுமென்றே விட்டேனா, தானாக விட்டுப்போனதா என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. பேனாவை எடுத்து நான்கை அடித்து ஐந்து என்று எழுதினேன். ‘சாவி வைத்திருந்தவன் நான்’ என்று ஓரத்தில் சேர்த்தேன். அவன் எட்டிப் பார்த்தான். கயிற்றை இழுத்து என்ஜினைக் கிளப்பினான்.

கல்லூரி எழுத்தர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

“ஏழாம் பக்கத் திருத்தத்துல தலைவர் கையெழுத்து இல்லையே சார். மத்த ஆறுலயும் இருக்கு. இது இல்லாம வாங்க முடியாது.”

மாலைப் படகிலும் அவன்தான்.

“வாங்கிக்கினாங்களா நைனா?”

“இல்ல. தலைவர் கையெழுத்து வேணுமாம்.”

“அவரு போட மாட்டாரு. மச்சான மாட்டி வுடுவாரா?”

“தெரியும்.”

அடுத்த தவணைக்கு ஆறு மாதம். இருபத்தாறு சனிக்கிழமை; போக வர ஐம்பத்திரண்டு முறை அவன் எதிரில் உட்கார வேண்டும். வேறு படகு கிடையாது. ஐந்தை நான்காக்கிப் புதுத் தாளில் எழுதினால் தலைவர் நாளைக்கே ஒப்பமிடுவார். அதையும் இவன் பாதி ஏரியில் நிறுத்திப் படிக்கச் சொல்வான். படகை விட்டு இறங்கிவிட வேண்டும் போலிருந்தது. எழுந்தேன்.

“உக்காரு நைனா,” என்றான். “கரை இன்னும் வரலை.”